அமாவாசையும் அப்பீலும்

சுட்டவன் ஜெயிலில் இருந்தான். அதைப் பார்த்த நான் வீட்டில் இருந்தேன். இரண்டு பேரில் யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வராது. அவன் வாசலில் போலீஸ் நின்றது, என் வாசலிலும் நின்றது. அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு வந்தது. நானோ எனக்கும் பொங்கி, வாசலில் நின்ற போலீஸுக்கும் சேர்த்துப் பொங்கினேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் எங்கள் வீடு. எதிர்வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்பதாக இருந்தார். சங்கத் தேர்தல்தானே என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். எங்களுக்கு அது சட்டசபைத் தேர்தலைவிடப் பெரிது. சங்கம் எந்தக் கட்சியின் கையிலோ தெருவே அந்தக் கட்சியின் கையில். அவரை விலகச் சொல்லி இன்னொரு கட்சிக்காரர்கள் வந்து வந்து போனார்கள். அவர் விலகவில்லை. ஒரு பிற்பகல் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தபோது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் இறங்கி அவரைச் சுட்டான். எங்கள் பக்கத்தில் பகை என்றால் வெட்டுவார்கள், துப்பாக்கி புதுசு. பட்டாசு என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் அப்போது தறியில் இருந்தேன். எங்களுடையது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தரையோடு தரையாக உட்கார வேண்டும். வெளிச்சத்துக்காகத் தறிக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்து ஒரு தாழ்வான ஜன்னல் உண்டு. ரோடு போட்டு, அதன்மேல் ரோடு போட்டு, தெரு மேடாகி எங்கள் வீடு பள்ளமாகிவிட்டதால், குழியில் உட்கார்ந்து பார்த்தால் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். நின்றுகொண்டு பார்த்தால் சாக்கடைதான் தெரியும். எந்த வீட்டு மருமகள் கொலுசு மாற்றினாள் என்பதுவரை எனக்கு அத்துப்படி. முகம் எதுவும் தெரியாது.

அன்றைக்கு ஒரு முகம் தெரிந்தது. சுட்டவன் மூக்குவரை துண்டு கட்டியிருந்தான். பைக்கை நோக்கி ஓடியபோது அவன் செல்போன் எங்கள் ஜன்னலுக்கு நேராக விழுந்தது. எடுக்கக் குனிந்தான், துண்டு நழுவியது. அவன் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஜன்னல் கம்பி மட்டும்தான். தேர்தல் நோட்டீஸ் கொடுக்க வந்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று என் கையால் வாங்கிக் குடித்தவன். தென்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், இப்போது குடும்பமே கட்சியில். வண்டியை ஓட்டியவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவன் பிடிபடவே இல்லை.

அன்று அமாவாசை. அது முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. ஓட்டக்கூடாது என்பது மட்டும் இல்லை, குழியில் கால் வைப்பதே கூடாது. என் மாமனார் காலத்தில், மீறினவர்கள் பிள்ளையார் கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கி ஊற்ற வேண்டும். அவருக்குப் பிறகு அந்தக் கோயில் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு வந்தது. அவர் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருக்கிறார். தறியில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் தறியின் சாஸ்திரம் அத்தனையும் அவர் நாக்கு நுனியில் இருக்கும். அமாவாசைக்குத் தறிக்கு லீவு, கடைக்கு லீவில்லை. அதனால் அவருக்கு அந்த சாஸ்திரம் கஷ்டமாகவே இருந்ததில்லை.

எனக்குக் கஷ்டம். முகூர்த்தம் நெருங்கிய ஒரு கல்யாணப் புடவை தறியில் பாதியில் நின்றது. பாவில், அதாவது நீளவாட்டு நூலில், இழைகள் சில அறுந்திருந்தன. சத்தமில்லாமல் உட்கார்ந்து அவற்றை முடிந்து வைத்தால் மறுநாள் விடிந்ததும் நெய்ய ஆரம்பிக்கலாம். நான் குழிக்குள் காலை விட்டபோது அவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுபடி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அமாவாசை அதுவுமா குழில கால வெக்கற. தெருவுல யாராவது பாத்தா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

"பாத்தா நானே எண்ண வாங்கி ஊத்தறேன், நீங்க போங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். என்னைக் குழியில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பிறகு சுட்டவன் பார்த்தான்.

போலீஸ் கேட்டபோது பார்த்ததைச் சொன்னேன். எதிர்வீட்டுத் தங்கச்சி, அதாவது இறந்தவரின் மனைவி, ரத்தம் காயாத புடவையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ பின்வாங்கிட மாட்டியே?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள். விட்டுக்கொண்டேன்தான். கண் முன்னால் ஒரு ஆள் செத்து விழுந்திருக்கிறார், நான் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. வாசலில் பெஞ்சு போட்டு ஒரு ஏட்டை உட்கார வைத்தார்கள். ரிட்டயர்மென்ட் நெருங்கிய மனிதர், முட்டிவலி. நான் கடைக்குப் போனால் கூடவே வருவார். காமாட்சியம்மன் கோயிலில் நான் பிராகாரம் சுற்றினால் அவரும் சுற்றுவார். மூன்றாவது சுற்றில், "போதும்மா, அம்மாவுக்கு உங்க மனசு தெரியும்" என்பார். அவர் முட்டிக்காகவே கோயிலுக்குப் போவதை விட்டேன். ஜன்னலைப் பாதுகாப்புக்காகப் பலகை வைத்து அடித்துவிட்டார்கள். பகலிலும் டியூப் லைட்டில்தான் நெசவு. அந்த வெளிச்சத்தில் பட்டு பொய் சொல்லும். அரக்கும் கத்திரிப்பூவும் ஒன்றுபோலத் தெரியும். நூலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடி வெயிலில் பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். ஒரு நாளில் நான் பார்த்த வெயில் அவ்வளவுதான். போலீஸ் நிற்கிற வீட்டுக்கு யார் வருவார்கள்? பூக்காரி கூட அடுத்த வீட்டு வாசலோடு திரும்பிவிடுவாள்.

மிரட்டல் என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எரிச்சல். மிரட்டினால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம். சுட்டவன் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் தாம்பாளத்தில் பழத்தோடு வந்து, ஏட்டுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "எங்க வூட்டு கல்யாணத்துக்கு உங்க கைப் புடவதான் எடுக்கணும்னு பொம்பளைங்க சொல்லிக்கினு இருக்காங்கம்மா" என்றார். தறி காலியில்லை என்றேன். "இருக்கட்டும்மா, நாங்க காத்துக்கினு இருப்போம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சிகளை ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது. நான் உள்ளே போய்ச் சொன்னேன். தறியில் உட்கார்ந்திருந்தேன், ஜன்னலில் பார்த்தேன், இவன்தான். அவன் வக்கீல் என்னைக் குடைந்து குடைந்து பார்த்தார், நான் அசையவில்லை. என் வீட்டுக்காரரும் ஒரு சாட்சி. ஒரு குண்டு எங்கள் சுவரில் பாய்ந்திருந்ததால், போலீஸ் அளந்து எழுதியதற்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். எனக்குப் பிறகு போனார், சீக்கிரமே வெளியே வந்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா கேட்டாங்க?"

"சும்மா, என்னமோ கேட்டாங்க. வா, பஸ்ஸு போய்டும்."

நானும் விட்டுவிட்டேன். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. எதிர்வீட்டுத் தங்கச்சி என் தோளில் சாய்ந்து அழுதாள். பலகையைப் பிடுங்கிவிடலாமா என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். "அப்பீல் இருக்குதும்மா, அது முடியட்டும்" என்றார்.

அப்பீல் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு உப்பு, புளிபோலப் புழங்கியது. மகள் பிரசவத்துக்கு வருவதா என்று கேட்டாள், அப்பீல் முடியட்டும். கூரை ஒழுகியது, அப்பீல் முடியட்டும். விசாரணை வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போய், ஒருவழியாக ஒரு தேதிக்கு வந்தது. நீங்கள் வரவேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் எழுத்தில் இருக்கிறது என்றார்கள். தங்கச்சிதான், "என் காதால கேக்கணும்க்கா, நீயும் வா" என்றாள். பீச் ரயில் ஏறி மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தலைவலி என்றார்.

ஹைகோர்ட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் அவன் கட்சிக்காரர்களின் வெள்ளைச் சட்டைகள் ஒரு வரிசை. நீதிபதிகள் இரண்டு பேர். அவன் பக்கத்துப் பெரிய வக்கீல் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை, பாடம் நடத்துகிற வாத்தியார்போலப் பேசினார். இங்கிலீஷில்தான் பேசினார். சாட்சி சொன்னதை மட்டும் தமிழில் படித்தார். துப்பாக்கி அவனிடம் எடுக்கப்படவில்லை. செல்போன் கிடைக்கவில்லை. இருப்பது ஒரு பெண்ணின் கண் மட்டும். அந்தக் கண் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தால்தான் பார்த்திருக்க முடியும். அதைத்தான் சொல்கிறார் என்று எனக்கும் புரிந்தது. பிறகு காகிதத்தைப் புரட்டி, நாலாவது சாட்சி குறுக்கு விசாரணையில் கேள்விக்குக் கேள்வி ஒப்புக்கொண்டது என்று படித்தார்.

"சம்பவ நாள் அமாவாசை என்றால் சரிதான். அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள் என்றால் சரிதான். நானும் என் குடும்பத்தாரும் அந்தப் பழக்கத்தைத் தவறாமல் கடைப்பிடித்து வருகிறோம் என்றால் சரிதான்."

நாலாவது சாட்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் தொடர்ந்தார். எங்கள் தெருவின் பழக்கத்தை அவர் நீதிபதிகளுக்கு எடுத்துச் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. தமிழ் வார்த்தைகள் அங்கங்கே விழுந்துகொண்டிருந்தன. அபராத எண்ணெயைக்கூட விடவில்லை. அமாவாசைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள், நிஜம்தான். என்னைத் தவிர. அதை அந்த ஹாலில் சொல்லக்கூடிய இரண்டு பேர் கடைசி வரிசையில் இருந்தோம். ஒருத்திக்குப் பேச உரிமையில்லை, ஒருவருக்கு வாயில்லை.

எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. தொண்டைவரை வந்துவிட்டது, ஐயா, நான் உக்காந்துக்கினு இருந்தேன்யா என்று. சிவப்புப் பட்டை போட்ட டவாலி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தார். நீதிபதி ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்று நினைத்திருப்பார். உட்கார்ந்தேன். அந்த அவமானம் இப்போது எழுதும்போதும் காதில் சுடுகிறது. என் தெருவை, என் வீட்டை, என் காலைப் பற்றிப் பேசுகிறார்கள், அதில் நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

வராந்தாவில் அரசு வக்கீலைப் பிடித்தேன். சின்ன வயசுப் பெண். நான் சொன்னதைக் கேட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"இத அப்பவே ஏன்மா சொல்லல?"

"யாரும்மா கேட்டாங்க? தறியில இருந்தியான்னாங்க, இருந்தேன்னேன். அமாவாசைக்கு ஏன் உக்காந்தேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா சார், அன்னிக்கு இவங்க தறில இருந்தத?"

அவர் தலையை அசைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"பாத்திருந்தா, அன்னிக்கு முழுசா சொல்லலைன்னு ஒரு மனு போடலாம். கோர்ட்டு ஏத்துக்கும்னு நான் சொல்லல, ட்ரை பண்ணலாம். ஆனா கையெழுத்து நீங்கதான் போடணும். தீர்ப்புக்கு முன்னாடி."

"யோசிச்சு சொல்றேன் மேடம்" என்றார் அவர்.

திரும்பும் ரயிலில் தங்கச்சி எங்களோடு உட்காரவில்லை. தள்ளிப்போய்ப் பெட்டியின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டாள். நான் குரலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"நான் உக்காந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அத யாரும் கேக்கல. நான் பொய் ஒன்னும் சொல்லலியே. பழக்கத்த கேட்டாங்க, ஆமான்னேன்."

"என் குடும்பம்னு சொன்னீங்களே, அதுல நான் இல்லியா?"

அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். செஷன்ஸ் கோர்ட்டில், அத்தனை பேர் முன்னால், கோயில் பொறுப்பில் இருக்கிற மனிதர் என் பெண்டாட்டி அமாவாசைக்குக் குழியில் கால் வைத்தாள் என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கலாம். அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன். மானத்துக்காக ஒருத்தன் செய்ததாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம்.

அடுத்த நாட்களில் அரசு வக்கீல் போன் செய்துகொண்டே இருந்தார். இவர் விடிவதற்குள் கடைக்குக் கிளம்பிவிடுவார். சோறு போடும்போது கேட்டேன், சோறு போடாமலும் கேட்டேன். "பொய் சாட்சின்னு என்ன உள்ள போட்டுட்டா?" என்றார் ஒரு நாள். "போடட்டும், நான் பழகின ஜெயில்தான், சொல்லித்தரேன்" என்றேன். அப்போதுதான் அவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"உனக்கு இன்னாம்மா தெரியும்? உனக்கு வாசல்ல போலீசு உக்காந்துக்கினு இருக்குது. எனக்கு கடையில யார் இருக்கறா? அவன் அண்ணன் தம்பிங்க வந்துக்கினேதான் இருக்கறாங்க. கேஸு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. என் எதுர உக்காந்து புடவைய விரிக்க சொல்றாங்க. விரிக்கறேன். இன்னொன்னுங்கறாங்க. விரிக்கறேன். ஒன்னும் எடுக்கறதில்ல. சிரிச்சிக்கினு எழுந்து போய்டறாங்க. மறுபடியும் வராங்க. மொதலாளிக்கு என்னத்த சொல்றது? அவன் வெளிய வந்தா இதெல்லாம் நின்னுடும்."

இத்தனை காலமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புடவை விரிக்கிற அந்தக் கைகளைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அதே சமயம், தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றும் இருந்தது. இரண்டும் உண்மை. என்னை வாசலோடு கட்டிப்போட்டார்கள், அவரைக் கடை மெத்தையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் படுத்து எழுந்தோம், அவரைக் கட்டிய கயிறு என் கண்ணில் படவில்லை. கோர்ட்டில் அவர் சொன்னது வெட்கமா, பயமா என்று கேட்டேன். "எனக்கே தெரியலம்மா. வாயில வந்துட்டுது" என்றார். அதை நான் நம்புகிறேன்.

மனுவில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நானும் அன்றோடு கேட்பதை நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும்.

தீர்ப்பு வந்தது. சாட்சி தறியில் இருந்தார் என்பதே சந்தேகத்துக்குரியது, எனவே அவர் பார்த்தார் என்பதை நம்ப இயலாது, சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுதலை செய்யப்படுகிறார். அரசு வக்கீல் போனில் படித்துச் சொன்னார். பட்டாசு வெடித்துக்கொண்டே அவனைத் தெருவழியாக மாலையோடு அழைத்துப் போனார்கள். வெடிச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஏட்டு அன்றே பெஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நம்ப முடியாத சாட்சிக்கு எதற்குக் காவல்? "வரேம்மா, சாப்பாடு நல்லா போட்டீங்க" என்றார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பலகையைத் தானே பிடுங்கினார். கடைக்கு வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். ஆக, அவர் சொன்னது சரி. எங்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுத் தங்கச்சி வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"அக்கா, கோர்ட்டு கெடக்குது. எனக்கு மட்டும் சொல்லு. நீ நெஜமா பாத்தியா? இல்ல, நான் அழுதேன்னு எனக்காக சொன்னியா?"

அவள் இந்தத் தெருவில் பிறந்து இந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். அமாவாசைப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பாத்தேன்" என்றேன். "சாமி சத்தியமா பாத்தேன்மா."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசை, முடியவில்லை. பிறகு எனக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க சொல்லுங்க. அக்கா அன்னிக்கு தறியில இருந்தாங்களா?"

அவர் மின்விசிறியைத் தேடுவார் என்றுதான் நினைத்தேன். தேடவில்லை.

"இருந்தா" என்றார். "நான்தான் திட்டிட்டு, கதவ சாத்திக்கினு கடைக்குப் போனேன்."

தங்கச்சி அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க வாயி என்கிட்டதான் தொறக்கும்னு தெரிஞ்சிருந்தா, ஜட்ஜய்யாவ இங்கியே கூட்டினு வந்திருப்பேனே மாமா."

திரும்பித் தெருவைக் கடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து எங்களைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று, அவள் வாசல் பக்கம் வருவதேயில்லை, கொல்லைக் கதவைத் திறந்து, பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போய்வருகிறாள். சுட்டவன் மட்டும் தெருவில் நேராக நடந்து போகிறான்.